ஐம்பது மில்லிமீட்டர்

செயின்ட் ஜானில் மூடுபனி உப்புக் கரிக்கும்.
ஜெர்மைன் தெருவில், நாற்பது வருடமாகக்
கார்கள் நின்ற பொக்கை இடத்தில்
ஐந்து மாடி எழுப்ப வேண்டும் நான்.
இடப்பக்கத்து வீடு
ஊரே எரிந்த மறுவருடம் கட்டியது.
மரத்தை நம்பிக் கெட்டவர்கள்
அதன்பிறகு
ஏற்கெனவே வெந்ததை மட்டும் நம்பினார்கள்.

மாதிரிச் சுவர் மூன்று கட்டினோம்,
ஆளுயரம், கம்பிவேலிக்குள்,
காற்றும் பனியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று.
முதலாவது பழைய சிவப்பு, பழைய அளவு.
பாரம்பரியக் குழுவின் மிஸஸ் கில்க்ரைஸ்ட்
கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்து
"பொய்ப்பல்" என்றார்.
இரண்டாவது கரும்சாம்பல், நீள நீளமாய்.
அவர் சொன்ன வார்த்தைகள் வேறு,
எனக்குக் கேட்டது:
யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது இது?
மூன்றாவது மார்ச்சில் உப்புப் பூத்தது,
வெயிலில் காய்ந்த சட்டை முதுகு போல.
சூளைக்காரனுக்குக் கோபமாய் ஒரு கடிதம் தொடங்கினேன்.
ஷெடியாக்கிலிருந்து வரும் கொத்தனார் ரெஜான் துசே
ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து,
"எழுதாதே. அழுது முடிக்கட்டும்."
ஏப்ரல் கடைசியில் முடித்திருந்தது.
ஆரஞ்சுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் ஒரு நிறம்.
நாலு பேர் சரி என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள்.

யாரும் கேட்காததால் சொல்லாதது ஒன்று உண்டு.
பழைய சுவர் பதினாறு அங்குலக் கனம்.
கூரையைத் தாங்கியது, மாடிக்கொரு பியானோவைத் தாங்கியது.
ஆறு வரிசைக்கு ஒருமுறை கற்கள் குறுக்கே திரும்பி
வெளிச்சுவரையும் உள்சுவரையும் கோத்திருக்கும்.
எனக்கு உள்சுவர் இல்லை.
குறுக்குக்கல் வேண்டுமானால்
முழுக்கல்லை வெட்டி நடிக்க வைக்க வேண்டும்.
வைக்கவில்லை.
முகப்பு நாலங்குலத் தோல்; சுமப்பது பின்னால் எஃகு.
கல் அதைப் பிடித்தபடி நிற்கிறது,
பேருந்தில் கம்பியைப் பிடித்தவர் போல.
பாவமன்னிப்புக் கேட்பதுபோல் ரெஜானிடம் சொன்னேன்.
"தன்னைத் தானே தாங்குகிறதே" என்றார்,
"என் மச்சானால் அதுகூட முடியவில்லை."

இடப்பக்கச் சுவரில்
எங்களுக்கு முன் அங்கிருந்த வீட்டின் தழும்பு.
படிக்கட்டு ஏறிப்போன சாய்வுக்கோடு.
நீலக் காகிதம் ஒட்டிய ஒரு சதுரம்.
இரண்டாம் மாடி உயரத்தில்
தரையில்லாத இரும்புக் கணப்பு.
அதன்முன் கால்நீட்டி உட்கார்ந்தவர்
இன்று வந்தால் அந்தரத்தில் உட்கார வேண்டும்.
எங்கள் பக்கச் சுவர் ஏற ஏற
எல்லாம் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தன,
முதலில் படிக்கட்டு, பிறகு நீலம்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள்.
சுட்ட மண்ணும் சுட்ட மண்ணுமே ஒட்டாது,
வெவ்வேறு நூற்றாண்டில் வெந்திருந்தால்.
குளிரில் ஒன்று சுருங்குமுன் மற்றது சுருங்கிவிடும்.
ஆகவே நாற்பத்தோராம் தாளில், சிறிய எழுத்தில்,
பழையதற்கும் புதியதற்கும் இடையே
ஐம்பது மில்லிமீட்டர்.
நிறத்துக்காக ஏழு மாதம் வாதாடிய குழு
அந்த இடைவெளியைப் பற்றி
ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம்.
இன்னும் மூன்று வரிசை வைத்தால் கணப்பு மறைந்துவிடும்.
ரெஜானின் காதிலிருந்த பென்சில் நழுவி
சந்துக்குள் விழுந்தது.
அந்தப் பக்கம் ஒரு டக்.
இந்தப் பக்கம் ஒரு டக்.
அந்தப் பக்கம் மறுபடி.
இரண்டு பேரும் குனிந்து காது கொடுத்தோம்.
அடியில் போய் விழுந்த சத்தம் வரவேயில்லை.
"கணப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும்" என்றவர்
என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு
அடுத்த கல்லுக்குத் தண்ணீர் காட்டினார்.